தோட்டா வேறு, குண்டு வேறு: ஏர் ரைஃபிளோடு நான்கு மாதங்கள்

நான்கு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகி வருகிறேன். முதல் ஞாயிறு ஒரு முறைகூடச் சுடவில்லை. பயிற்சியாளர் ரைஃபிளை மேசைமேல் கிடத்தி, "தம்பி, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லுங்கள்" என்றார். குழல், கட்டை, விசை என்று மூன்றோடு நின்றுவிட்டேன். "பெயர் தெரியாத இடத்தில் பிழை இருந்தால் எங்கே போய்த் தேடுவீர்கள்?" என்று கேட்டார். அன்றிரவே ஒரு குறிப்பேடு வாங்கினேன்.

அதில் முதலில் எழுதியது தோட்டாவைப் பற்றித்தான். தோட்டா, குண்டு இரண்டையும் ஒரே பொருளில்தான் நாம் பேசுகிறோம். உலோக உறை, அதன் அடியில் தீயை மூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலை விட்டு இலக்குக்குப் போவது குண்டு மட்டும். ஏர் ரைஃபிளில் தோட்டாவுக்கு வேலையே இல்லை. சிலிண்டரில் அடைத்த காற்றுதான் தள்ளுகிறது. போவது 4.5 மி.மீ. ஈயப் பெல்லட்.

அந்தப் பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இடை சிறுத்து உடுக்கை போல இருக்கும். முன்பக்கம் தட்டை, அதனால்தான் அட்டையில் ஓரம் பிசிறாத வட்டத் துளை விழுகிறது. பின்பக்கம் குழிந்த மெல்லிய விளிம்பு. காற்றின் அழுத்தத்தில் அது விரிந்து, குழலுக்குள் ஓடும் சுருள் பள்ளங்களைக் கவ்விக்கொள்ள, பெல்லட் சுழன்றபடி வெளியேறுகிறது. ரைஃபிள் என்ற பெயரே அந்தப் பள்ளங்களால் வந்ததுதான். மூன்றாவது வாரம் காரணமே தெரியாமல் இரண்டு சுடுகள் இலக்கின் நடுவை விட்டு 5 மதிப்பெண் வளையத்துக்குப் போயின. டப்பாவைக் கொட்டிப் பார்த்தால், பல பெல்லட்டுகளின் விளிம்பு நசுங்கியிருந்தது. இப்போது ஒவ்வொன்றையும் விளக்கொளியில் திருப்பிப் பார்த்த பிறகே உள்ளே வைக்கிறேன். ஈயம் என்பதால், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் டீயைக்கூடத் தொடுவதில்லை.

விசையில் இரண்டு கட்டம் உண்டு என்பதைப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. முதலில் விரல் லேசாக உள்ளே போய் ஓரிடத்தில் தடைபடும். அங்கே நின்று, குறி அசையாதபோது மேலும் சிறிது அழுத்தினால் சுடும். நான் இரண்டையும் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

பின்குறியில் ஒரு சிறு துளை, முன்குறியில் ஒரு வளையம். இலக்கின் 30.5 மி.மீ. கருவட்டம் அந்த வளையத்துக்குள் சுற்றிலும் சமமான வெண்மையோடு நிற்க வேண்டும். வளையம் சிறிதாக இருந்தால் துல்லியம் கூடும் என்று நம்பி, இருப்பதிலேயே சிறியதை மாட்டியிருந்தேன். கண்தான் களைத்தது. ஒரு படி பெரியதை மாட்டியதும் குறி அமைதியாக நின்றது. இலக்கில் 10 மதிப்பெண் என்பது நடுவிலுள்ள 0.5 மி.மீ. புள்ளி, பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும்.

எந்தப் பாகத்தையும்விட எனக்கு முக்கியமாகிவிட்டது ஒரு வண்ண நூல். சுடாத நேரத்தில் அது குழலின் முழு நீளத்துக்கும் ஓடி இரு முனையிலும் வெளியே தெரிய வேண்டும். உள்ளே பெல்லட் இல்லை என்பதைப் பக்கத்தில் நிற்பவரும் கேட்காமலே அறிந்துகொள்வார். அதைச் செருகாமல் நான் ரைஃபிளைக் கீழே வைப்பதே இல்லை.

முதல் அட்டையில் பத்துச் சுடுகளுக்கு 61. சென்ற ஞாயிறு 91: மூன்று பத்து, ஐந்து ஒன்பது, இரண்டு எட்டு. ஒன்பதுகள் ஐந்தும் மூன்று மணிப் பக்கமாகவே, அதாவது நேர் வலப்பக்கமாகவே விழுந்திருந்தன. பின்குறியைத் திருகப் போனேன். பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டார். ரைஃபிள் வலப்பக்கம் சாய்கிறதாம். தோள்தாங்கி என் தோளுக்குச் சரியாகப் பொருந்தாததே காரணமாக இருக்கலாம் என்றார். இப்போதைய உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அதை ஒரு படி இறக்கிச் சுடப் போகிறேன்.