முடியை நேராக்கும் களிம்பும் சிகாகோ வழக்குகளும்

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பலர், சிறுமிகளாக இருந்த காலத்திலிருந்தே சுருள்முடியை நேராக்கும் ரிலாக்ஸர் களிம்பைத் தலையில் பூசிக்கொண்டு வளர்ந்தவர்கள். காரத்தன்மை மிகுந்த அந்தக் களிம்பு முடியின் உட்பிணைப்புகளை உடைக்கும்போது உச்சந்தலை எரியும். சில நேரம் தோல் வெந்து புண்ணாகும். அந்தப் புண் வழியே இரசாயனங்கள் உடலுக்குள் எளிதாகச் செல்லக்கூடும்.

2022 அக்டோபரில் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவை வெளியிட்டார்கள். இத்தகைய பொருள்களைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு என்றால், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு அது 4.05 விழுக்காடு. அதே மாதத்தில், இத்தகைய களிம்பால்தான் புற்றுநோய் வந்தது என்று குற்றஞ்சாட்டி, லோரியல் உள்ளிட்ட அழகுசாதன நிறுவனங்கள்மீது வழக்கு தொடரப்பட்டது. 2023 பிப்ரவரியில், பல மாநிலங்களில் தொடரப்பட்ட இத்தகைய வழக்குகள் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி மேரி ரோலண்ட் முன் ஒன்றுசேர்க்கப்பட்டன. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன.

என் மனத்தை மிகவும் உறுத்துவது ஆதாரச் சுமைதான். அந்த ஆய்வு எந்த நிறுவனத்தின் பொருள் என்று கேட்டுப் பதிவு செய்யவில்லை. ஒவ்வொரு பெண்ணும் தான் பயன்படுத்திய பொருளையும் அதனால்தான் நோய் வந்தது என்பதையும் தனித்தனியாக நிறுவ வேண்டும். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டப்பாவுக்கு யாரிடம் ரசீது இருக்கும்? உள்ளே என்ன கலந்தது என்ற பதிவேடு தயாரித்தவர்களிடம்தானே இருக்கிறது; அதை முழுமையாக வெளிக்கொணரும் கடமையை நீதிமன்றம் அவர்கள்மீது கண்டிப்பாகச் சுமத்த வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.