பாஸ்வேர்ட் எழுதும் கட்டம்

ஜூலை 7, 2025, திங்கள்

ரெண்டு நாளாக மடிக்கணினியின் டச்பேட் அழுந்தவில்லை. இன்று மேசையில் வைத்தபோதுதான் கவனித்தேன், ஒரு மூலை ஆடுகிறது. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. பேட்டரி வீங்கிவிட்டது. அழுத்தினால் தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டதால் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளி முடிந்ததும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடை. "இருநூறு வெள்ளி ஆகும் டீச்சர், வியாழக்கிழமை வாங்க" என்றான் தம்பி. ரசீதில் பெயர், போன், கோளாறு, அதற்கடுத்து பாஸ்வேர்ட் என்று ஒரு கட்டம்.

"பேட்டரி மாத்த பாஸ்வேர்ட் எதுக்கு தம்பி?"

"மாத்திட்டு டெஸ்ட் பண்ணணும். எல்லாரும் கொடுப்பாங்க டீச்சர்."

எனக்குப் பின்னால் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தேன். ரசீதுப் புத்தகத்தில் முந்தைய தாளின் கார்பன் நகல் அப்படியே இருந்தது: யாரோ ஒருவருடைய போன் எண், அதன் கீழே பாஸ்வேர்ட். ஒரு பெண் பிள்ளையின் பெயர், ஒட்டினாற்போல் ஓர் ஆண்டு.

வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போதுதான் உறைத்தது. என் படங்கள் போனால் போகட்டும், கல்யாண வீட்டில் சாப்பிடும் படங்கள்தானே. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் உதவிநிதி விண்ணப்பப் பாரங்கள் அதில்தான் இருக்கின்றன. 31 பிள்ளைகளின் பிறப்புப் பத்திர எண், அப்பாமார்களின் சம்பளச் சீட்டு. ஒரு அம்மா விவாகரத்துத் தாளை நீட்டி, "டீச்சர், இது உங்களோட இருக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஜூலை 9, புதன்

சரியாகத் தூங்கவில்லை. ஹாங்காங் நடிகர் எடிசன் சென் பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்துதானே 2008இல் அவருடைய அந்தரங்கப் படங்கள் ஊரெல்லாம் பரவின! அவற்றை நகலெடுத்த கணினிப் பழுதுபார்ப்பவர் பின்னர் சிறைக்கும் போனார். இன்னொன்றும் படித்தேன். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஆடியோ டிரைவரை (ஒலியை இயக்கும் மென்பொருளை) முடக்கிய மடிக்கணினிகளைக் கடைகளில் கொடுத்திருக்கிறார்கள். 2022இல் வந்த அந்த ஆய்வின்படி ஆறு இடங்களில் சொந்தக் கோப்புகளைத் துழாவியிருக்கிறார்கள், ரெண்டு இடங்களில் நகலே எடுத்திருக்கிறார்கள். பெண்களுடையது என்று தெரிந்த கணினிகளில் இது அதிகமாம். பார்த்த சுவடு தெரியாமல் சமீபக் கோப்புப் பட்டியலைத் துடைத்தவர்களும் உண்டு.

இங்கே மலேசியாவில் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அனுமதியைத்தான் நானே நீலப் பேனாவில் எழுதிக் கொடுத்துவிட்டேனே.

ஜூலை 10, வியாழன்

தம்பி பழைய பேட்டரியை எடுத்துக் காட்டினான். குட்டித் தலையணை மாதிரி இருந்தது. சொன்னதைவிட இருபது வெள்ளி குறைத்து வாங்கினான். கீபோர்டையும் துடைத்து வைத்திருந்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டில் திறந்து முதலில் சமீபக் கோப்புப் பட்டியலைப் பார்த்தேன். காலி. முன்பும் இப்படித்தான் இருந்ததா? நான் அந்தப் பக்கம் போனதே கிடையாது. அந்தத் தம்பியைச் சந்தேகப்படவும் மனசு வரவில்லை, விடவும் முடியவில்லை.

ஜூலை 12, சனி

அக்கா மகன் வந்து பாஸ்வேர்டை மாற்றினான். கணினியிலுள்ளதைப் பூட்டி மறைக்கும் பிட்லாக்கரைப் போட்டு, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி அலமாரியில் வைக்கச் சொன்னான். "பேட்டரிக்கெல்லாம் பாஸ்வேர்டே வேணாம் சின்னம்மா. சார்ஜ் ஏறுதான்னு நிறைய லேப்டாப்ல விண்டோஸ் திறக்கிறதுக்கு முன்னாடி வர்ற பயோஸ் திரையிலயே பாத்துக்கலாம். அப்படியே கேட்டாலும் தனியா ஒரு கணக்கு திறந்து அதைக் கொடுங்க" என்றான். பாரங்களைத் தனி டிரைவுக்கு மாற்றியாயிற்று.

அந்த அம்மாவிடம் திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம், அந்தக் கார்பன் தாளில் பார்த்த பிள்ளையின் பெயரும் ஆண்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.