கடலில் இரண்டு பெட்டிகள்: நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்

நாளை இந்தியத் துறைமுகங்களில் தொடங்கவிருந்த வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது, 8.5 சதவீத ஊதிய உயர்வுக்கு உடன்பாடு கையெழுத்தாகியிருக்கிறது. அப்பா அந்தச் செய்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். திருப்பூர் ஆடைகளைக் கப்பலில் அனுப்பிவைப்பது என் வேலை. என் பொறுப்பிலிருந்த இரண்டு பெட்டிகளும், அதாவது கன்டெய்னர்களும், சனிக்கிழமையே தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போய்விட்டதால், எனக்கு அதற்கு மேல் பதற்றம் இருக்கவில்லை.

செப்டம்பர் 5

பெட்டிகளில் இருப்பவை குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் இரவு உடைகள். டிசம்பர் 25க்குப் பிறகு அவற்றை யாரும் முழு விலைக்கு வாங்கப்போவதில்லை. கொழும்பில் அவற்றை ஏற்றிக்கொண்ட பெரிய கப்பலான தாய்க்கப்பல், தாக்குதல் அபாயமுள்ள செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போவதால், நியூயார்க் சேரும் நாள் அக்டோபர் 4. அமெரிக்காவின் கிழக்கே மெய்ன் முதல் டெக்சாஸ் வரையுள்ள துறைமுகத் தொழிலாளர்களின் ஒப்பந்தமோ செப்டம்பர் 30 நள்ளிரவோடு முடிகிறது, அதற்குள் உடன்பாடு வராவிட்டால் வேலைநிறுத்தம். சூயஸ் வழியாகப் போக முடிந்திருந்தால் அதற்குள் சரக்கு இறங்கியிருக்கும். அந்தக் கரை முழுவதும் அவர்கள் 1977க்குப் பிறகு வேலையை நிறுத்தியதில்லை என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 9

கிடங்கில் இருக்கும் மூன்று கன்டெய்னர்களை எந்த வழியாக அனுப்புவது என்பதே நாள் முழுவதும் ஓடியது. கொழும்பிலிருந்து கிழக்கே திருப்பி, பசிபிக்கைக் கடந்து லாங் பீச்சில் இறக்கி, ரயிலில் சிகாகோ வரை கொண்டுபோய், அங்கிருந்து லாரியில் நியூஜெர்சி கிடங்குக்குச் சேர்க்கலாம். மேற்குக் கரையில் இருப்பது வேறு சங்கம். 2023இல்தான் ஆறாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வான்கூவர் வழியாக அனுப்பலாம் என்றால், கனடாவின் இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களும் ஆகஸ்ட் 22 அன்று ஒரே நேரத்தில் நின்றதை நான் மறக்கவில்லை. விமானத்தில் அனுப்பினால் ஆடையில் கிடைக்கும் லாபத்தைக் கட்டணமே விழுங்கிவிடும்.

வழியை மாற்றுவது வரைபடத்தில் ஒரு கோடு போடுகிற வேலையாகவே வெளியே தெரிகிறது. சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுத்திருக்கும் கடன் உறுதிக் கடிதத்தில் இறக்கும் துறைமுகம் நியூயார்க் என்று எழுதியிருக்கிறது. அதைத் திருத்தாமல், சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரமான பில் ஆஃப் லேடிங்கில் லாங் பீச் என்று வந்தால், வங்கி பணம் தர மறுக்கும். அமெரிக்காவில் சரக்கை வாங்கும் பையர் தரப்பின் சுங்க முன்னறிவிப்பு, கொழும்பில் தாய்க்கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே பதிவாகிவிட வேண்டும். எனவே பையர், வங்கி, கப்பல் நிறுவனம் மூவரும் ஒரே வாரத்துக்குள் சம்மதித்தாக வேண்டும்.

செப்டம்பர் 13

பெட்டிகள் முனையைச் சுற்றிவிட்டன.

செப்டம்பர் 17

மூன்று கன்டெய்னர்களும் லாங் பீச் போகின்றன. கூடுதல் கட்டணத்தில் பாதியை, ஆடைகளைத் தைத்துத் தரும் திருப்பூர் முதலாளி ஏற்றுக்கொண்டார்.

கடலில் இருக்கும் இரண்டுக்கும் துறைமுகத்தை மாற்றித் தரும்படி கேட்டேன். நியூயார்க்கை விட்டால் அந்தக் கப்பல் தொடும் இடங்கள் நார்ஃபோக்கும் சவானாவும் மட்டுமே. இரண்டிலும் அதே சங்கம்.

செப்டம்பர் 22

மேற்குக் கரை வழியாக அனுப்புகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து என்னைப் படிக்க வைத்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தாங்கள் வேலையை நிறுத்திய நாட்களில் கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால்தான் கை தளர்ந்துபோகும் என்றார். என் வேலை இதுதான் அப்பா என்றேன். அது அவருக்கும் தெரியும்.

செப்டம்பர் 30

அவர்களுக்கு நள்ளிரவு ஆகும்போது இங்கே காலை ஒன்பதரை.

அக்டோபர் 1

நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ 45,000 பேர் வெளியே நிற்கிறார்கள். மான்ட்ரியாலிலும் இரண்டு முனையங்கள் நேற்றே நின்றுவிட்டன. திருப்பூரிலிருந்து ஒன்பது அழைப்புகள் வந்தன. ஒன்பதிலும் ஒரே கேள்விதான், என்னிடமும் ஒரே பதில்தான் இருந்தது.

அக்டோபர் 2

ஊதியத்தோடு, ஆளில்லாத பாரந்தூக்கிகள் வரக்கூடாது என்றும் அவர்கள் கேட்கிறார்கள். அதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்டெய்னர் வந்தபோது தன் கும்பலில் எத்தனை பேருக்கு வேலை போனது என்று பெயர் பெயராகச் சொன்னார். அவர்கள் கேட்பது நியாயம் என்று நான் நினைக்கிறேன். என் பெட்டிகள் இறங்கவேண்டும் என்றும் அதே மனத்தோடு நினைக்கிறேன்.

அக்டோபர் 4

விடியற்காலையில் செய்தி வந்தது. ஆறு ஆண்டுகளில் 62 சதவீத உயர்வுக்கு இணங்கி வேலைக்குத் திரும்புகிறார்கள். அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

மூன்றே நாளில் முடிந்ததற்கா இவ்வளவு செலவு வைத்தீர்கள் என்று முதலாளி கேட்டார். செப்டம்பர் 9 அன்று என் முன்னால் இருந்த தகவல்களை வைத்து இன்று கேட்டாலும், அந்த மூன்றையும் மேற்குக் கரைக்குத்தான் அனுப்புவேன். அதைப் பொறுமையாகச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அக்டோபர் 7

பழைய ஒப்பந்தத்தை ஜனவரி 15 வரை மட்டுமே நீட்டித்திருக்கிறார்கள். இயந்திரங்களைப் பற்றிய பேச்சு அப்படியே நிற்கிறது. அப்படியானால் டிசம்பர் முதல் வாரத்தில் கொழும்பை விட்டுப் போகும் சரக்கு அந்தத் தேதியை ஒட்டித்தான் அங்கே சேரும். வசந்த கால ஆர்டருக்கான துணி இப்போதுதான் சாயப்பட்டறைக்குப் போயிருக்கிறது.

கப்பல் இன்னும் வரிசையில் நிற்கிறது. இரவு பதினொரு மணிக்குக் கன்டெய்னர் எண்களைப் போட்டுப் பார்த்தபோதும், இரண்டு பெட்டிகளும் இறங்கியதாகக் காட்டவில்லை.