விண்டோஸ் ஓடுது, டிரைவைக் காணோம்: குமுளி ஏலக்காய்க் கடை மடிக்கணினியோடு நான்கு நாள்

மடிக்கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் திறக்கிறது, பில் போடுகிறது. டிரைவை முழுதாக நகல் (இமேஜ்) எடுக்கும் மென்பொருளின் மீட்புப் பென்டிரைவில் பூட் செய்தால் மட்டும், பட்டியலில் பென்டிரைவும் வெளி ஹார்டு டிஸ்கும்தான் நிற்கின்றன. உள்ளே இருக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டி இல்லவே இல்லை.

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவருடைய மெஷின் அது. குமுளிக் கடைக்கு 32-இல் தொடங்கும் கேரள ஜிஎஸ்டி எண், கம்பத்துக் குடோனுக்கு 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டு எண். இரண்டு கணக்கும் அந்த ஒரே டிரைவில். இடம் நிரம்பிவிட்டதால் 1 டிபிக்கு மாற்ற வேண்டும், அதுவும் 20-ம் தேதி ஜிஎஸ்டி 3பி மாதக் கணக்குத் தாக்கலுக்கு முன்னால்.

நான் கைவைப்பதற்கு முன்பே ஒரு நாள் வீணாகியிருந்தது. மலையிறங்கி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி தேனியில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே இருந்தவர் தன் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, "எஸ்எஸ்டி போச்சுண்ணே. புதுசு போட்டுரலாம், டேட்டாவுக்கு கேரண்டி இல்ல" என்று சொல்லிவிட்டார். "காலையில இதுலதானப்பா பில் போட்டேன்" என்று இவர் சொன்னது எடுபடவில்லை. அந்தச் சொல்லைக் காதில் வாங்கியிருந்தாலே போதும். செத்த டிரைவிலிருந்து விண்டோஸ் எப்படி எழும்? இன்னும் ஒருவர் மிரட்டியிருந்தால் பல வருடக் கணக்கைக் குப்பையில் போட்டிருப்பார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

டிரைவ் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, எந்த இடத்தில் தெரியவில்லை என்பதைத்தான். பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) பெயரும் கொள்ளளவும் வருகிறதா? வராவிட்டால் கழற்றிச் செருகிப் பாருங்கள், ஸ்லாட்டையும் திருகையும் பாருங்கள். பயாஸிலும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலும் தெரிந்து, மீட்புச் சூழலில் மட்டும் காணாமல் போனால் டிரைவ் மேல் குற்றம் இல்லை. அந்தச் சூழலில் டிரைவர் (வன்பொருளோடு பேச வேண்டிய மென்பொருள்) இல்லை, அவ்வளவுதான்.

இன்டெல் 11-ம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற கன்ட்ரோலர் பயாஸில் ஆன் ஆகியே வருகிறது. என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவ் அதற்குப் பின்னால் போய்விடும். விஎம்டிக்கு டிரைவர் இருந்தால்தான் பின்னால் இருப்பது கண்ணில் படும். ஓடும் விண்டோஸில் அந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. வின்பிஇ-யில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் சிறு விண்டோஸ்) செய்த மீட்புப் பென்டிரைவில் பெரும்பாலும் இருக்காது. தேனிக்காரருடைய பென்டிரைவிலும் இதே குறைதான்.

இன்டெலின் விஎம்டி டிரைவரை இறக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இன்டெல் தருவது எக்ஸ்இ கோப்பு. மீட்புச் சூழலில் அதைத் தட்டிப் பயனில்லை. டிரைவரின் ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், சிஏடி கோப்புகள் மூன்றும் ஒரே ஃபோல்டரில் தனித்தனியாக வேண்டும். ஓடும் விண்டோஸில் கமாண்ட் விண்டோவை அட்மினாகத் திறந்து, அந்த செட்டப் கோப்பின் பெயர், இடைவெளி, சிறுகோடு ஒட்டி 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' (ஒரே சொல்லாக), இன்னோர் இடைவெளி, ஃபோல்டர் பாதை என்று அடித்தால் பிரித்துக் கொட்டும். உள்ளே பல ஐஎன்எஃப் இருக்கும். ஐஏஸ்டோர்விடி என்று பெயர் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது. மற்றதைக் கொடுத்தால் ஏற்றிக்கொண்டது போலவே இருக்கும், டிரைவ் மட்டும் வராது.

அதன் பிறகும் வரவில்லை. டிரைவர் வேலையில் ஆக அதிக நேரத்தைத் தின்றது இந்த இடம்தான். புதியதுதானே நல்லது என்று எடுத்த பதிப்பில் இந்த மெஷினின் கன்ட்ரோலரே சேர்க்கப்படவில்லை. டிவைஸ் மேனேஜரில் விஎம்டி கன்ட்ரோலரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். இன்டெலைக் குறிக்கும் 8086-க்குப் பின்னால் வரும் டிவைஸ் எண்தான் முக்கியம்: 11-ம் தலைமுறை மடிக்கணினியில் 9ஏ0பி, 12-இல் 467எஃப், 13-இல் ஏ77எஃப் என்பவை வழக்கமாகக் காண்பவை. ஐஎன்எஃப்-ஐ நோட்பேடில் திறந்து அந்த எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்தப் பதிப்பு உங்களுக்கு ஆகாது, பழையதுக்குப் போங்கள். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாததால் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. 9ஏ0பி இருந்த பதிப்பைக் கொடுத்த மறுநொடி 512 ஜிபி பட்டியலில் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஏற்றாமல், மீட்புப் பென்டிரைவைத் திரும்ப உருவாக்கும்போதே ஃபோல்டரை உள்ளே சேர்த்துவிடுங்கள்.

பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். (ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே தெரியும்.) ஆஃப் செய்தால் மீட்புச் சூழலில் டிரைவ் தெரியும்தான். ஆனால் விண்டோஸ் பூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று நீலத்திரையில் விழும். பதறாதீர்கள், திரும்ப ஆன் செய்தால் பழையபடி எழும். மாற்றியே ஆக வேண்டுமானால், எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குப் போய் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பிவிட்டு டிக்கை எடுங்கள். பின் எண் சேஃப் மோடில் பல நேரம் வேலை செய்யாது; பாஸ்வேர்டு தெரியாமல் தொடங்கவே கூடாது. கடை மெஷினில் அந்த வேலை வேண்டாமென்று நான் தொடவில்லை.

பத்தாம் தலைமுறை வரையிலான மெஷின்களில், பயாஸில் ரெய்டு மோடு என்றிருந்தால் கதை வேறு. குளோனெஸில்லா, ரெஸ்கியூஸில்லா போன்ற லினக்ஸ் கருவிகளுக்கு அந்த என்விஎம்இ தெரியாது. பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ மோடுக்கு மாற்றச் சொல்லி, டிமெசேஜ் என்ற லினக்ஸ் பதிவில் ஒரு வரி மட்டும் கிடக்கும். விஎம்டிக்கு லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் இருப்பதால், குளோனெஸில்லா பதிப்பு புதிதாக இருந்தால் போதும்.

டிரைவ் வந்தது, அடுத்து பிட்லாக்கர், அதாவது டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. சி பகிர்வு பூட்டியிருந்ததால், 140 ஜிபி தகவலுக்கு 512 ஜிபியையும், காலி இடத்தைக்கூட விடாமல், செக்டர் செக்டராக எடுக்கத் தொடங்கியது. வினாடிக்கு 100 எம்பி வேகம் வந்தால் ஒன்றரை மணி நேரம். யுஎஸ்பி 2 துளையில் செருகினால் நான்கு மணி நேரம். நிறுத்திவிட்டு 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடினோம். "நான் எந்தப் பூட்டும் போடலையே தம்பி" என்றார் அண்ணன். போட வேண்டியதில்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டப் செய்தாலே பல மடிக்கணினிகளில் தானாக ஆன் ஆகிவிடும். சாவி அந்தக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கோ, வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் போன் எண்ணில் இருந்தது. அவர் போனை எடுத்து ஓடிபியைச் சொல்லும்வரை ஒன்றரை நாள் காத்திருந்தோம். கடை மெஷின் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்தச் சாவியைத் தாளில் எழுதி, கல்லாவுக்குள் போட்டுவையுங்கள். எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு இலக்கம்.

சாவி போட்டுத் திறந்ததும் அரை மணி நேரத்துக்குள் இமேஜ் முடிந்தது. வெரிஃபையும் ஓட்டிவிட்டேன். திறந்து எடுத்த இமேஜுக்குப் பூட்டு கிடையாது, அதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

விண்டோஸ் ஓடும்போதே இமேஜ் எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம், அங்கே எந்தத் தொந்தரவும் வராது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மாதாமாதம் பேக்கப் ஓடும், பச்சை டிக் விழும். டிரைவ் உண்மையிலேயே செத்த அன்றுதான் மீட்புப் பென்டிரைவுக்குக் கண் தெரியாது என்பது தெரியவரும். அப்போது ஹார்டுவேர் ஐடி பார்க்க விண்டோஸும் இருக்காது. பழைய டிரைவ் உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை மீட்புச் சூழலில் பூட் செய்து, பட்டியலில் அது நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

புதிய 1 டிபியைச் சோதிக்க வாங்கிய யுஎஸ்பி பெட்டியிலும் ஒரு தடங்கல். கூட வந்த கேபிள் சார்ஜுக்கு மட்டும் ஆனது. டேட்டா கேபிள் மாற்றியதும் வந்துவிட்டது. எம்.2 (குச்சி வடிவ எஸ்எஸ்டி) என்றால் எல்லாம் ஒன்றல்ல: விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா என்ற பழைய வகை, ஒன்று மட்டும் என்றால் என்விஎம்இ. என்விஎம்இ-க்கு மட்டுமான பெட்டியில் சாட்டா குச்சி உட்காரும், ஆனால் தெரியாது.

மழைக்காலத்தில் குமுளியில் கரண்ட் சொல்லாமல் போகும். மடிக்கணினி பேட்டரியில் தாங்கும், தனி அடாப்டர் உள்ள வெளி டிஸ்க் தாங்காது. யுஎஸ்பியிலேயே ஓடும் இரண்டரை அங்குல டிஸ்கை வைத்தே எல்லாம் செய்தேன்.

ரீஸ்டோர் சிக்கலில்லாமல் முடிந்தது. சி-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ரெக்கவரி பகிர்வை அப்போதே கடைசிக்குத் தள்ளினால்தான் மிச்ச இடம் சி-யில் சேரும். பிட்லாக்கரைத் திரும்ப ஆன் செய்தோம். சாவி இந்தத் தடவை அண்ணன் பெயரிலேயே.

32, 33 இரண்டு கணக்கும் திறந்தன. 3பி 19-ம் தேதியே போய்விட்டது. பழைய 512-ஐ அழிக்கவில்லை; தேதி எழுதி உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.