மகுடம் காய்ச்ச ஒரு சட்டி நெருப்பு

போன வருஷம் நம் சங்க விழாவில், நிகழ்ச்சி நடுவே தீ எச்சரிக்கை மணி அடித்து, பட்டுச் சேலையும் வேட்டியுமாக எல்லாரும் மண்டபத்துக்கு வெளியே கார்களுக்கு நடுவில் போய் நின்றோமே, அது யார் பார்த்த வேலை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்தான். அபராதத்தில் என் பங்கையும் கட்டிவிட்டேன். ஆனால் ஏன் கொளுத்தினேன் என்பதைச் சொல்ல அன்றைக்கு யாரும் விடவில்லை, அதனால் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் இதையே எழுதுகிறேன் என்றேன்.

ஊரிலிருந்து வாங்கி வந்த மகுடம் என்கிற தோல்வாத்தியம் ரெண்டும் ஏசிக் குளிரில் தோல் தொய்ந்து, அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி ‘டொப் டொப்’ என்றன. மேடையேற கால் மணி நேரம்தான் இருந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு கேக் தட்டில் பழைய பேப்பரைக் கொளுத்தி வாட்டினேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு அக்கா கொடுத்த ஹேர் டிரையரை வைத்துத்தான் சமாளித்தோம். உச்சம் கொஞ்சம் ஏறியது, மந்தம் கடைசிவரை முனகிக்கொண்டே இருந்தது.

உச்சம், மந்தம் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கும், வேறு ஊரில் பெண்ணெடுத்தவர்களின் வீட்டுக்காரம்மாக்களுக்கும் தெரியாது. மரச் சட்டத்தில் தோலை ஒட்டி, குச்சி இல்லாமல் வெறும் கையாலேயே அடிப்பது மகுடம். ஒன்றின் குரல் மேலே போகும், அது உச்சம். ஒன்று கீழே நின்று தாங்கும், அது மந்தம். ரெண்டையும் நெருப்பில் காட்டிக் காட்டித்தான் அதன் குரலுக்குக் கொண்டுவர வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் கணியான் சமூகத்தார் ஆடும் கணியான் ஆட்டத்துக்கு இதுதான் உயிர். புத்தகத்தில் கணியான் கூத்து என்று போடுவார்கள், மகுடாட்டம் என்பதும் இதுதான். ஆட்கள் ஏழு பேருக்குள் அடங்கிவிடும். கதையைப் பாடுகிறவர் அண்ணாவி, பின்பாட்டுக்கும் ஜால்ராவுக்கும் ஆள், மகுடத்துக்கு ரெண்டு பேர், அப்புறம் சேலை கட்டிச் சலங்கை கட்டி ஆடும் ஆம்பளைகள் ரெண்டு பேர்.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது என் பெஞ்சுக்காரன் மூலமாக. 1979-இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது ஜன்னலோர பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன். பேரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், எழுதவில்லை. அவன் அப்பா அண்ணாவி. பங்குனி, சித்திரை, ஆடி என்று கொடை மாசம் வந்தால் செவ்வாய், வெள்ளி ராத்திரிகளில் அந்த வீட்டு ஆம்பளைகள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். இவனும் ஜால்ரா தட்டப் போவான். புதன்கிழமை முதல் பீரியடில் டெஸ்க்கில் கவிழ்ந்து தூங்குவான், வாத்தியார் சாக்பீஸை எறிவார், நாங்கள் சிரிப்போம்.

எங்கள் ஊர்ச் சுடலை ஊருக்கு வெளியே, குளத்தங்கரையில் இருந்தார். சிலை கிடையாது, காரை பூசி வெள்ளையடித்த பீடம்தான், பூடம் என்போம். கொடைக்குக் கால் நாட்டியாச்சு என்றால் வீட்டுக்கு வீடு வரி பிரிப்பார்கள். வரி தாராளமாக விழுந்த வருஷம் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கரகாட்டமும் சேர்ந்து வரும். இல்லாத வருஷம் கரகத்தை வெட்டுவார்கள், மேளத்தை ஒரு ஆள் குறைப்பார்கள், ஆனால் கணியானை மட்டும் வெட்ட மாட்டார்கள். கரகாட்டம் நமக்கு, கணியான் சாமிக்கு என்று எங்கள் ஆச்சி சொல்லும். சின்ன வயசில் எனக்குக் கரகம்தான் பிடித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செம்பின் உச்சியில் சுற்றும் அந்தக் கிளி மேல் வைத்த கண்ணை எடுக்க மாட்டேன்.

கணியான் ஆட்டம் சூடு பிடிக்க ராத்திரி ஏற வேண்டும். முதலில் பிள்ளையாருக்கும் சரஸ்வதிக்கும் பாடி, அண்ணாவி நிதானமாகக் கைலாசத்தில் ஆரம்பிப்பார். பார்வதி விளக்கின் சுடரை முந்தானையில் ஏந்த, அது பிண்டமாகி, பிள்ளையாகி, பசி தாங்காமல் நடுராத்திரி மயானத்துக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்றுவிட்டு வரும். அந்தப் பிள்ளைதான் சுடலை, அப்புறம் சிவன் அதைப் பூலோகத்துக்கு அனுப்புகிறார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் அவர் ஒரு வரி பாடி நிறுத்தி, பின்பாட்டுக்காரர் அதை வாங்கி இழுத்து, அந்த இடைவெளியில் மகுடம் ரெண்டும் பேச ஆரம்பித்தால் உட்கார்ந்திருக்கிற கிழவிகளுக்குக்கூட முதுகு நிமிரும். ஆடுகிற ரெண்டு பேரும் அண்ணாவியை ஒட்டி முன்னால் போவார்கள், பின்னால் வருவார்கள், சட்டென்று சுழலுவார்கள். பிறப்பு கட்டம் நெருங்க நெருங்க மகுடம் வேகம் எடுக்கும், அதுவரை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற, சாமியாடுகிற கோமரத்தாடிக்கு முதலில் தொடை நடுங்கும். நான் பார்ப்பது அந்தத் தொடையைத்தான். நடுராத்திரிச் சாமக் கொடையில் தீப்பந்தத்தோடு அவர் சுடுகாட்டு வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டால் பின்னால் போகக் கூடாது, எங்களைப் பாயில் அமுக்கிப் படுக்க வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று கைவெட்டு. காப்புக் கட்டிய கணியான் தன் கையைக் கீறி ரத்தத்தைச் சாமிக்குக் கொடுப்பார். அந்த நேரத்தில் மகுடம் அடிக்கிற அடியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. பெஞ்சுக்காரனின் சித்தப்பா ஒருமுறை பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றபோது அவர் முன்கையைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு மாதிரி வரிசையாகத் தழும்புகள். “எத்தனை கொடைலே இது?” என்று பெஞ்சுக்காரனிடம் கேட்டேன். “சித்தப்பாவே எண்ணுனதில்ல” என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் எட்டாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் ‘கிராமிய நடனம்’ வைக்க வேண்டும் என்று முடிவானது. கோலாட்டம், ஒயிலாட்டம் எல்லாம் ஆள் கிடைத்துவிட்டது. நம் தமிழ் ஐயாதான் கணியான் ஆட்டமும் இருக்கட்டும் என்று சொல்லி, என் பெஞ்சுக்காரனையும் அவன் சொந்தக்காரப் பையன்களையும் நிற்க வைத்தார். ஐயாவுக்கு நா. வானமாமலை மேல் பெரிய மரியாதை. நாங்குநேரிக்காரர், பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கதைப்பாடல்களைத் தேடித்தேடி அச்சில் ஏற்றியவர் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார். முத்துப்பட்டன் கதையை ஐயா சொல்லித்தான் கேட்டேன், பாடத்திட்டத்தில் கிடையாது. பிராமணப் பட்டன் சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரையும் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்க உட்காருகிற இடத்தில், வகுப்பே கம்மென்று இருந்தது. இன்றைக்கும் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அந்த முத்துப்பட்டனுக்குச் செருப்புத்தான் காணிக்கை.

ஒத்திகையில் டிரில் மாஸ்டர் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். பெஞ்சுக்காரன் மட்டும் திரும்பி, பின்சுவரைப் பார்த்து நின்றான்.

“ஏல, சபையைப் பார்த்து நில்லு.”

“சார், சாமிய எங்க சார் வைப்பீங்க?”

எல்லாரும் சிரித்தோம். நானும்தான், கொஞ்சம் சத்தமாகவே. அவன் கேட்டது கிண்டல் இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது. கோயிலில் அவர்கள் பூடத்தைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். ஊர்ச்சனம் சுற்றி உட்கார்ந்திருக்கும், பார்க்கும், பாதி தூங்கும், அது வேறு கணக்கு. மேடை ஏறியதும் நாங்கள் அவனைச் சாமிக்கு முதுகு காட்டச் சொல்லியிருக்கிறோம். அன்றைக்குச் சேலை கட்டவும் விடவில்லை, யூனிபார்ம் டிராயரோடு ஆடினான். தலைமை விருந்தினர் தாமதமாக வந்ததால் பத்து நிமிஷத்தை நாலாகக் குறைத்தார்கள். கைலாசமே வரவில்லை.

ஒன்பதாவது பாதியில் படிப்பை விட்டுவிட்டான். பிறகு ஒரு சித்திரையில் அவன் சேலை கட்டி ஆடுவதைப் பார்த்தேன். அவன் அம்மாவின் அரக்குச் சேலை, பள்ளிக்கூடத்து மதிய உணவு வரிசையில் அந்த அம்மா நிற்கும்போது பார்த்த அதே சேலை. நம் பையன்கள் சிலர் விசிலடித்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் பூடத்திலிருந்து கண்ணைத் திருப்பவில்லை. நான் விசிலடிக்கவில்லை, ஆனால் அவனுக்குத் தெரியாமல் கூட்டத்துக்குள் நகர்ந்து நின்றுகொண்டேன். பழங்குடிப் பட்டியலில் கணியான் என்று அச்சில் பேர் இருந்தும், ஒரு சாதிச் சான்றிதழுக்காக அவன் அலைந்த கதை தனி. அதை அவனே வந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

2018-இல் கொடைக்குப் போயிருந்தேன். இப்போது அவன்தான் அண்ணாவி, குரல் அப்படியே அவன் அப்பா. அவன் மூத்த மகனுக்குத் திருப்பூரில் வேலை, கொடைக்கு லீவு போட்டு வந்து உச்சம் அடிக்கிறான். பூடத்துக்குச் சிமென்ட் மண்டபம் வந்துவிட்டது, டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வரி கொடுக்காமல் கருத்து சொல்ல எனக்கு என்ன உரிமை. ஆட்டம் தொடங்கும் முன் மண்டபத்துக்குப் பின்னால் காய்ந்த ஓலையைக் கொளுத்தி மகுடம் காய்ச்சினார்கள். பையன் தோலை நெருப்பில் காட்டி, விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டு, மறுபடியும் காட்டினான். சங்கத்து விழாவுக்கு அழைத்தால் வருவாயா என்று பெஞ்சுக்காரனிடம் கேட்டேன். “வாரேன் மக்கா, தீ மூட்ட விடுவாங்களா?” என்றான். அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மண்டபம் வேண்டாம். நெருப்பு மூட்ட அனுமதி தருகிற திறந்தவெளி ஏதாவது பாருங்கள், மணிக்கணக்கு வாடகை என்றால் விடிய விடிய எடுங்கள், மேடை போடாதீர்கள். ஓலைக்கு என்ன செய்வது என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் கரி மூட்டை வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் எந்தப் பக்கம் பார்த்து ஆடுகிறார்களோ அதைப் பார்த்துவிட்டு அப்புறம் நாற்காலி போடலாம்.