ரப்பர் சருகுக்குள் குழிவிரியன்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறவங்க கவனிக்க வேண்டியது குழிவிரியன் என்கிற விஷப் பாம்பை. (பாவம், விஷமில்லாத சாரையைக் கண்டால்தான் ஊரே கம்போடு ஓடும்.) பெரும்பாலும் ஒன்றரை அடிகூட இருக்காது. காய்ந்த இலை நிறம், முக்கோணத் தலை, மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கி நிற்கும். ஆள் வந்தாலும் விலகாமல் சுருண்டே கிடக்கும், சிக்கலே அதுதான். விடியுமுன் பால் வெட்டும்போது நெற்றி விளக்கு வெளிச்சம் மரத்தில் இருக்கும், கால் வைக்கிற இடம் இருட்டு. முழங்கால் வரை பூட்ஸ் போடுங்க. பால் பிடிக்கிற சிரட்டை சருகில் விழுந்தால் கையால் துழாவாதீங்க, கம்பால் கிளறி எடுங்க.

கடித்தால் கயிறு கட்டவோ கீறவோ வேண்டாம். வீங்குமுன் மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போயிடணும். நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான், குழிவிரியன் விஷத்தை முறிக்காது. அதனால் தள்ளி நின்று எடுத்த ஒரு போட்டோ டாக்டருக்குப் பெரிய உதவி. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீங்க. வீக்கம் வற்றியதும் வீட்டுக்குக் கிளம்பிடவும் கூடாது. ரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் கெடுவதும் பிறகும் வரலாம், சிறுநீர் குறைகிறதா என்று பார்த்துக்கிட்டே இருக்கணும்.