பலகைக்குக் கீழே இருந்த ஆழம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நீச்சல்குளம் கட்டுவதும் பராமரிப்பதும் என் தொழில். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதிகளாக மாறத் தொடங்கிய பிறகு இந்த வேலை பெருகியது. நான் புதிதாகக் கட்டிக் கொடுத்த எந்தக் குளத்திலும் டைவிங் போர்டு, அதாவது தண்ணீருக்குள் பாய்வதற்கான துள்ளு பலகை, கிடையாது. கழற்றிக் கொடுத்த குளங்கள் உண்டு.

அப்படிக் கழற்றியவற்றுள் ஒரு பள்ளிக் குளத்தின் பலகை இன்னும் நினைவில் நிற்கிறது. நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்த அதன் மேற்பரப்பில், கால் வழுக்காமல் இருக்க ஒட்டியிருந்த மணல் பூச்சு, நுனியில் இரண்டு பாதங்கள் வைக்கும் அளவுக்கு மட்டும் முழுவதுமாகத் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. மற்ற இடங்களில் சொரசொரப்பு அப்படியே இருந்தது. அடித்தாங்கியின் போல்ட்டுகள் குளோரின் காற்றில் துருப்பிடித்து ஸ்பானருக்கு மசியாததால், கட்டர் வைத்துத்தான் அறுத்தோம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "அண்ணே, இனிமே நாங்க எங்கண்ணே டைவ் அடிக்கிறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஓர் இடம் இல்லை.

ஆனால் அந்தப் பலகையைக் கழற்றியது சரியான முடிவு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதன் கீழே இருந்த ஆழம் இரண்டரை மீட்டர்தான். நீச்சல், டைவிங் போட்டிகளுக்கான உலக அமைப்பான வேர்ல்டு அக்வாடிக்ஸின் விதிப்படி, ஒரு மீட்டர் உயரப் பலகையின் நுனிக்கு நேர் கீழே குறைந்தது 3.4 மீட்டர் ஆழம் வேண்டும். அந்த ஆழம் நுனிக்கு முன்னாலும் சில மீட்டர் தூரம் தொடர வேண்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விழுந்தாலே நீரைத் தொடும்போது உடலின் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் இருக்கும். பலகையில் துள்ளி எழும்பினால் அதற்கும் மேல் போகும். கைகளை நீட்டி நேர்த்தியாக இறங்கும் உடலைத் தண்ணீர் அவ்வளவு விரைவில் தடுத்து நிறுத்துவதில்லை. தலை தரையில் மோதினால் பெரும்பாலும் நொறுங்குவது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகள். அங்கே தண்டுவடம் அறுபட்டால் கைகால்கள் திரும்ப இயங்குவது அரிது. இதை அறிந்த பிறகும், பழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக அப்படியொரு பலகையை விட்டுவைக்க என் மனம் ஒப்பாது.

எனக்கு வருத்தம் தந்தது அதற்கடுத்த வேலைதான். பலகை போன பிறகு ஆழப் பக்கம் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. அதையும் மூடித் தரச் சொன்னது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் பரப்பில், இரண்டரை மீட்டர் ஆழத்தை நான்கு அடிக்குக் கொண்டுவந்தோம். அடிவடிகாலை மேலே தூக்கி, கிராவல் கொட்டித் திமிசு போட்டு, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டினோம். இதனால் ஏறத்தாழ 1,30,000 லிட்டர் தண்ணீர் மிச்சமாயிற்று. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினோரு நடைக்கு நெருங்கும் அளவு. கோடையில் போர்வெல் காற்று வாங்கும் எங்கள் பகுதியில் இது சிறிய கணக்கன்று. குளோரின் செலவு குறைகிறது, மோட்டார் ஓடும் நேரம் குறைகிறது, கரையில் நிற்கும் காவலருக்கும் அடித்தரை தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு காரணமும் நியாயமானதே. ஆனாலும் அந்தக் குளத்தில் இனி எந்தக் குழந்தையும் கால் எட்டாத தண்ணீரில் மிதக்கப் பழகப் போவதில்லை.

அமெரிக்காவில் இந்தப் பலகைகளை அகற்றியதில் நீதிமன்ற வழக்குகளுக்கும் காப்பீட்டுக் கட்டணத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இங்கே நான் பார்த்தவரையில் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் வந்து கழற்றச் சொல்லவில்லை. விடுதி கட்டுபவர்கள் முதலிலேயே நான்கடி ஆழம் போதும் என்று முடிவு செய்கிறார்கள். விருந்தினர் நீந்துவதைவிடத் தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருப்பதே அதிகம் என்பதும் உண்மை. ஆழமில்லாத குளத்தில் பலகைக்கு இடமில்லை. போர்டு மறைந்த கதையைச் சொல்பவர்கள் பயத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். இந்தச் சீமையில் எனக்குத் தெரிந்த காரணம் ஆழம் குறைந்ததுதான்.

இந்தப் பகுதிப் பிள்ளைகள் ஆழத்தைப் பழகியது நீச்சல்குளத்தில் அல்ல. ஊருணி குடிதண்ணீருக்கு உரியது. அதில் கால் நனைத்தாலே பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். நீச்சலுக்கு வயல்கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடுவார்கள். குடுக்கை தேவைப்படாத நாள் வந்ததும் படியிலிருந்து குதிப்பது, பிறகு மேட்டிலிருந்து, பிறகு பம்புசெட் அறை மேலிருந்து பல்டி. கார்த்திகையில் விளிம்பு வரை நிற்கும் தண்ணீர் சித்திரையில் அடியில் கிடக்கும் என்பதால், முதலில் பெரிய பையன் ஒருவன் காலை நீட்டி இறங்கி, மூழ்கி, அடியில் கல்லோ கம்பியோ கிடக்கிறதா என்று துழாவிவிட்டு வந்து சொல்வான். அதுவரை யாரும் தலைகீழாகப் பாயக் கூடாது. எழுதப்படாத அந்த ஒழுங்கை மீறியவனை அண்ணன்மார் அடித்தும் இருக்கிறார்கள். கிணறுகளும் ஆபத்தானவையே, உயிர்களும் போயிருக்கின்றன. அவற்றை நான் போற்றவில்லை. குதிப்பதற்கு முன் ஆழத்தைக் கேட்கும் பழக்கம் அங்கே இருந்தது, அவ்வளவுதான். போர்வெல் வந்த பிறகு பல கிணறுகள் தூர்ந்துவிட்டன.

இப்போது நாங்கள் ஒவ்வொரு குளத்தின் விளிம்பிலும் '4 அடி' என்று எழுதி, தலைகீழாகப் பாயும் உருவத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட டைல்ஸ் பதிக்கிறோம். அந்த எழுத்தின் மீதே நின்று தலைகீழாகப் பாய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எவ்வளவு இருந்தால் பாயலாம் என்பதை உடம்பால் அறியாதவருக்கு அந்தக் குறி வெறும் அலங்காரமாகத் தோன்றிவிடுகிறது. நான்கடியில் மட்டுமே பழகிய பிள்ளை கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்துக்கு நண்பர்களோடு போகும் நாளை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

ஒவ்வொரு பள்ளியிலும் விடுதியிலும் பலகை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகச் சென்னை வேளச்சேரியில் டைவிங் குளத்துடன் ஒரு வளாகம் கட்டினார்கள். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்து சேரும் இடத்தில் ஆழமான குளம் ஒன்று போதும். பன்னிரண்டு மீட்டர் சதுரம், 3.8 மீட்டர் ஆழம் என்றால் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் இறங்கும்; கூரைத் தண்ணீரை முற்றத்துக்கு இறக்கிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. குளம் கட்டும் எண்ணத்தோடு வரும் பள்ளி நிர்வாகிகளிடம், ஆளுக்கொரு ஆழமற்ற குளம் கட்டுவதைவிட நாலைந்து பள்ளிகள் பணம் சேர்த்து இதைக் கட்டலாமே என்று வரைபடத்தோடு சொல்லி வருகிறேன். பயிற்றுநர் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற கேள்வியில்தான் பேச்சு ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. அதற்கு முதல் மூன்று ஆண்டுக் கணக்கையும் இப்போது வரைபடத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.